ஒன்பதாவது கட்டம்

பஸ் ஆபீசில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கடிகாரம் என்று கேட்டால் வாட்ச்மேன்கூட மாடியைக் கை காட்டுவான். முப்பத்தாறு வருடமாகக் கால அட்டவணைப் பிரிவில் ஒரே ஜன்னல், ஒரே மேஜை, ஒரே நாற்காலி. நாற்காலிக்குக்கூட நடுவில் இரண்டு தடவை கால் மாற்றினார்கள். இந்த மனுஷனை மாற்றவில்லை. எந்த வண்டி எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதை அவர் பென்சிலால் எழுதிக் கொடுத்தால்தான் சுற்றுவட்டாரத்தில் ஒரு சக்கரம் உருளும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத மனிதரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

"பல் தேய்க்க மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம்தான். வீடு தீப்பிடிச்சாலும் கொப்பளிச்சுட்டுத்தான் ஓடி வருவார்" என்பாள் அந்த அம்மாள்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பயணத்துக்குப் பதினொரு வருடமாக மனசுக்குள் நாள் பார்த்துக்கொண்டிருந்தார், போகவில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கமும் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கமும் இல்லை. நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஒரு சின்ன ஊர். ஒரு நீளத் தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், சைக்கிள் போய் இப்போது மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் இரண்டு கடைகள், ஊர் முகப்பில் நீலச் சாயம் உரிந்த ஒரு பஸ் நிழற்குடை. அங்கே அவருடைய அக்கா இருந்தாள்.

அக்கா என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது இவருக்கு நாலு வயது, அவளுக்குப் பதிமூன்று. ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் அண்டா கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். விடுதிக்குப் பின்னால் மூட்டைகள் அடுக்கிய அறையில் தம்பியை வைத்துக்கொண்டு வளர்த்தாள். அவன் ஜாமெட்ரி பாக்ஸை மறந்துவிட்டுப் போனால், கரி ஒட்டிய ஈரக் கையோடு ஸ்கூல் கேட்டுக்கு ஓடி வருவாள். அவனுக்கு வேலை கிடைத்த பிறகுதான், முப்பத்தொரு வயதில், அந்தச் சின்ன ஊர்த் தச்சர் ஒருவருக்குக் கழுத்தை நீட்டினாள். போன இடத்திலும் சும்மா இருந்தாளா? பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை வாங்கிக்கொண்டாள்.

தம்பிக்கு வேலை கிடைத்த அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்: "இனிமே என் தம்பிதான் பஸ் விடப்போறான்!"

"நான் பஸ் விடலக்கா. எப்ப விடணும்னு பேப்பர்ல எழுதுறேன், அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான், போடா!"

இப்படி இருந்த இரண்டு பேருக்கு நடுவில் எப்படி விரிசல் விழுந்தது என்கிறீர்களா? பதினொரு வருடத்துக்கு முன்னால் அத்தான் இறந்தார். தகவல் வந்த நாள் புதிய கால அட்டவணை அமலுக்கு வரும் முதல் நாள். முதல் நாள் ஓடி முடிகிறவரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் இவர். மறுநாள் காலை தடம் 31-இல் ஏறிப் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"வந்துட்டியா? உன் பஸ் எல்லாம் நேரத்துக்குக் கிளம்பிடுச்சா?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தால் போயிருக்கும். கடிகாரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என் வேலையைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. போ. போய் அந்த பஸ்ஸையே கட்டிக்கிட்டு அழு."

தடம் 31 அந்த ஊரில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பும். துக்கம் விசாரிக்கப் போனவர் வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, இவரும் போகவில்லை. அக்கா மகள் மட்டும், கடல் தாண்டிய ஊரில் வேலை பார்க்கிறவள், வருடத்துக்கு ஒரு தரம் போன் பண்ணி இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வாள்.

ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும்போது அவளிடமிருந்து கணக்குக்கு மீறி ஒரு போன் வந்தது.

"மாமா, அம்மாவுக்கு உடம்பு முன்ன மாதிரி இல்ல. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

"உடம்புக்கு என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க. 'அவனா வரணும், இரக்கப்பட்டு வரக் கூடாது'ங்கறாங்க. நான் நெனச்ச உடனே கெளம்பி வர முடியாத எடத்துல இருக்கேன். நீங்க தள்ளிப் போடாதீங்க மாமா, கெஞ்சிக் கேக்குறேன்."

போனை வைத்தார். அக்கா கண்ணை மூடுவதற்குள் அவள் வாசலில் போய் நின்றுவிட வேண்டும். உள்ளே வா என்று ஒரு வார்த்தை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று அந்த நிமிடம் உண்மையாகவே நினைத்தார். நினைத்த கையோடு வேறு யாராக இருந்தாலும் செருப்பை மாட்டியிருப்பார்கள். இவர் பென்சிலைச் சீவினார்.

திட்டம் ஒரு முழுத் தாளுக்கு வந்தது. விடியற்காலை 4.20-க்குக் கிளம்பி, 7.05-க்குப் பக்கத்து டவுன். 7.30-க்குத் தடம் 31. 8.40-க்கு அக்கா ஊர். மாலை 4.50-க்குத் திரும்பும் வண்டி. ஆக மொத்தம் அக்காவோடு எட்டு மணி பத்து நிமிடம். அதையும் சும்மா விட்டாரா? 8.40 முதல் 9.00 வரை, பேசாமல் உட்காருதல். 9.00 முதல் 9.30 வரை, திட்டு வாங்குதல். 9.30 முதல் 9.35 வரை, மன்னிப்புக் கேட்டல்.

மனைவி தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "மன்னிப்புக்கு அஞ்சு நிமிஷம்தானா?"

"பத்தலைன்னா திட்டுல இருந்து எடுத்துக்கலாம்."

"ராக்கெட் விடுறவன்கூட இவ்வளவு பேப்பர் கிழிக்க மாட்டான். நாளைக்குக் காலையில எந்திரிச்சுப் போங்களேங்க! அக்கா வீட்டுக்குப் போறதுக்கு யாராவது அட்டவணை போடுவாங்களா?"

"நாளைக்கு எப்படிப் போறது? மூணு மாசத் திருத்தம் வருது. முடிச்சுட்டு மாசக் கடைசி சனிக்கிழமை போறேன்."

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் திருத்தத்தில்தான் இந்தக் கதையின் வினை இருக்கிறது. ஒவ்வொரு தடத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கண்டக்டர்கள் எழுதிய தாள்கள் கட்டுக் கட்டாக மேலே வரும். ஒரு தடத்தில் ட்ரிப்புக்குச் சராசரி ஐந்து டிக்கெட்டுக்குக் கீழே போனால் அந்த வண்டியை நிறுத்திவிடலாம் என்பது விதி. தாளின் எட்டாவது கட்டத்தில் டிக்கெட் எண்ணிக்கை. ஒன்பதாவது கட்டத்தில் இலவசப் பாஸில் வந்தவர்களின் எண்ணிக்கை. பாஸ் ஆட்கள் சராசரியில் சேர மாட்டார்கள். எப்போதோ ஒரு குமாஸ்தா கண் தவறி ஒன்பதையும் எட்டோடு சேர்த்துக் கூட்டி, பிரிவு முழுவதற்கும் மெமோ வாங்கிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பிரிவில் ஒரு பழக்கம். கூட்டும்போது ஒன்பதாவது கட்டத்தின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிந்தால்தானே தப்பாகக் கூட்டுவது! கடிகாரத்தின் ஸ்கேல் முப்பத்தாறு வருடம் அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது.

அந்தத் தடவை பதினான்கு தடங்கள் ஐந்துக்குக் கீழே வந்தன. பதினொன்றாவதாகத் தடம் 31. சராசரி மூன்று. பென்சில் ஒரு கணம் நின்றது. ஊரில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது, பஸ்ஸில் யார் ஏறுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். எதிர் மேஜை டைப்பிஸ்ட் அம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"சார், அது உங்க அக்கா ஊர் வண்டி இல்ல?"

"ஆமா."

"பாவம் சார். அதை மட்டும் அடுத்த திருத்தத்துல பாத்துக்கக் கூடாதா?"

"அக்கா ஊருக்கு ஒரு விதி, அடுத்தவன் ஊருக்கு ஒரு விதியா? பேசாம அடிங்கம்மா."

பெரிய பெரிய ஆட்களின் சிபாரிசுக்குக்கூடப் பேப்பரைச் சாய்க்காதவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயர் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. அறுபத்தேழு வயதில் அக்கா எங்கே பஸ் ஏறிப் போகப்போகிறாள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டு கையெழுத்தைப் போட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போட்டபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி சனிக்கிழமை போயிருக்கலாம். அன்றைக்கும் 31 ஓடியது. ஆனால் பதினான்கு வண்டிகளின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் வேறு தடங்களில் பொருத்த வேண்டியிருந்தது. யாருக்கு எங்கே வேலை என்று தெரியாமல் டெப்போவில் கூச்சல். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசிலேயே போயின. திங்கட்கிழமை ஒன்றாம் தேதி, தடம் 31 நின்றது. பத்தாம் நாள் அவர் புதிய தாள் எடுத்து, தானே நிறுத்திய வண்டி இல்லாமல் அந்த ஊருக்குப் போவது எப்படி என்று திட்டம் போட்டார். டவுனிலிருந்து வாடகைக் கார். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி. லீவு எழுதிக் கொடுத்தார். அவர் சர்வீஸில் அது ஏழாவது லீவு. 'திட்டு வாங்குதல்' முப்பது நிமிடத்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடமாகியிருந்தது.

கார் டிரைவர் வாய் ஓயாதவர். ரோடு பிரமாதம், பஸ் நின்றதில் தனக்குச் சவாரி அதிகம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். எட்டேகாலுக்கே ஊர் முகப்பு வந்துவிட்டது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு எரிச்சல். இருபத்தைந்து நிமிடம் முன்னதாகப் போய் வாசலில் நின்றால் என்ன பேசுவது? தாளை எடுத்து வைத்துக்கொண்டு மனசுக்குள் நேரத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் நிழற்குடைப் பக்கம் நிறுத்தி, அங்கே தனியாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவியிடம் வழி கேட்டார்.

"அம்மா, பள்ளிக்கூட ஆயா வீடு எந்தப் பக்கம்?"

"எந்த ஆயா? இப்ப இருக்குறவளா, பழைய ஆயாவா?"

"ரிடையர் ஆனவங்க."

"அது நான்தாம்பா. என்ன வேணும்?"

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அந்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஊதி, கண் இடுங்கி, தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. பாதம் வீங்கிச் செருப்பு நுழையாமல் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தது. மடியில் ஒரு துணிப் பை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அவள் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள். "உன் பஸ் எங்கடா?"

அவர் பதில் சொல்வதற்குள் எதிர் டீக்கடையைப் பார்த்துக் கத்தினாள். கத்த மூச்சில்லை, கத்துவது போல வாயைத் திறந்தாள். "பாத்தியாப்பா? ரெண்டு வாரமா கிண்டல் பண்ணுனியே! என் தம்பி ஆபீஸ்ல இருக்கான்னு சொன்னேனா இல்லையா? அவனுக்குத் தெரியாம இந்த ஊர் பஸ் நின்னுடுமா? வந்துட்டான் பாரு!"

டீக்கடைக்காரர் தோளில் துண்டோடு ரோட்டைக் கடந்து வந்தார். அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதானா அந்தத் தம்பி? சார், இவங்களுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. செவ்வாய், வெள்ளி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வரணும். ஒண்ணரை வருஷமா இந்த பஸ்லதான் போய் வந்தாங்க. பஸ் நின்னதுல மொத செவ்வாய் போகல. போன வெள்ளி ஒரு லாரிக்காரன் ஏத்திட்டுப் போனான். இந்தச் செவ்வாயும் போகல. வேற வண்டி பாத்துத் தரேன்னா வேணாங்கறாங்க சார். பஸ் வரும், எந்தம்பி விடுவான்னு வந்து உக்காந்துக்கறாங்க. நாங்க என்ன பண்றது, சொல்லுங்க?"

கடிகாரம் கையிலிருந்த தாளை என்ன செய்வதென்று தெரியாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு அக்காவைத் தூக்கினார். நாலு வயதில் தன்னை இடுப்பில் சுமந்தவளை இப்போதுதான் முதல் தடவையாகத் தூக்குகிறோம் என்று தோன்றியது. கனமாக இருந்தாள், அத்தனையும் தண்ணீர்.

"ஆஸ்பத்திரிக்கு விடுப்பா. சீக்கிரம்" என்றார் டிரைவரிடம்.

கார் கிளம்பியது. அக்கா ஜன்னலோரம் சாய்ந்துகொண்டாள். "இவ்வளவு பெரிய கார் எதுக்குடா? பஸ்ஸை அனுப்பியிருந்தா போதும். என்ன கோளாறு, எஞ்சினா?"

பொய் சொல்லியிருக்கலாம். எஞ்சின் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நிம்மதியாகக்கூடப் போயிருப்பாள். ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு வண்டியைப் பற்றிப் பொய் சொன்னதில்லை.

"கோளாறு இல்லக்கா. நிறுத்தியாச்சு. நான்தான் நிறுத்தினேன். என் கையெழுத்து."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் ஏறலைன்னு பேப்பர்ல இருந்துச்சுக்கா. அஞ்சு பேருக்குக் கீழ போனா…"

"நான் ஏறினேனேடா."

கோபமே இல்லை. சின்ன வயதில் அவன் வீட்டுக்கணக்கைப் பார்த்து, படிக்கத் தெரியாமலேயே, ஏதோ தப்பு இருக்குடா என்று சொல்லுவாளே, அதே குரல். துணிப் பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். அவளுடைய போட்டோ, நோயாளிகளுக்கான இலவசப் பாஸ், கீழே அவருடைய ஆபீஸ் முத்திரை. "இத பாரு. கண்டக்டர் தம்பிகூட ஒவ்வொரு தடவையும் எழுதிக்குவாரு."

அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தது. டவுனுக்குப் போக ஒரு மணி நேரம் ஆயிற்று. தலையெழுத்தே என்று ஒரு வார்த்தை, பாவி என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"கண்ணாடியைக் கொஞ்சம் எறக்குடா. மூச்சு முட்டுது."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "எங்கம்மா போனீங்க? செவ்வாய்க்கிழமை மெஷினைக் காலியா வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தோமே!" டாக்டர் நுரையீரல் முழுக்க நீர் என்றார், இதயம் தாங்கவில்லை என்றார், பார்ப்போம் என்றார். பார்த்தார்கள். அந்த வழியிலிருந்து இன்னும் இரண்டு பேர் இதே பாஸில் வருவார்கள், இரண்டு வாரமாக ஒருவரையும் காணோம் என்று நர்ஸ் போகிற போக்கில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு அக்கா இறந்துபோனாள். உள்ளே வா என்ற வார்த்தையை அவர் கேட்கவே இல்லை. அவளுடைய வாசலுக்குப் போகவே இல்லையே, எங்கிருந்து கேட்பது? மகள் போனில் அழுத அழுகையை அவர் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கையெழுத்து விஷயத்தையும் அவளிடம் சொன்னார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.

ஆபீசுக்குத் திரும்பிய அன்று பழைய கட்டுகளை இறக்கி, தடம் 31 தாளை மேஜையில் விரித்தார். கை தன்னாலே ஸ்கேலை எடுத்து ஒன்பதாவது கட்டத்தின் மேல் வைத்தது. முப்பத்தாறு வருடப் பழக்கம், கைக்கு என்ன தெரியும்? அதை எடுத்தார். செவ்வாய், மூன்று. வெள்ளி, மூன்று. செவ்வாய், மூன்று. வெள்ளி, மூன்று. மழை பெய்த வாரம், மூன்று. மூன்று மாதமும் ஒரு நாள் தவறாமல். அந்த மூன்றில் ஒன்று யார் என்று அவருக்கு இப்போது தெரியும். கண்டக்டரின் கையெழுத்து குண்டு குண்டாக, குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி இருந்தது. டைப்பிஸ்ட் அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவர் மேனேஜரிடம் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தடத்துக்காகக் கெஞ்சினார். மேனேஜர் கெட்டவர் இல்லை. "உங்க வருத்தம் புரியுது. ஆனா பாஸ் எப்பவுமே கணக்குல சேராது, நீங்களே நூறு பேருக்குச் சொல்லியிருப்பீங்க" என்றார். ஆமாம், சொல்லியிருந்தார். கடைசியில் இரக்கப்பட்டு ஒன்று செய்தார். தடம் 31, செவ்வாயும் வெள்ளியும் மட்டும், ஆறு மாதச் சோதனை. பழைய விதிதான், ட்ரிப்புக்கு ஐந்து டிக்கெட். குறைந்தால் மறுபடி நிறுத்தம்.

கடிகாரம் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் ஒன்று பரிசு கொடுத்தார்கள். வேறு எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு எழுந்து சட்டையை மாட்டினார். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. "தாள் எழுதலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல."

7.30-க்கு வண்டி டவுனை விட்டு நகர்ந்தது. அவரைத் தவிர ஒருத்தரும் இல்லை. கண்டக்டர் பையைச் சரி செய்துகொண்டு வந்தார். குண்டு குண்டாக எழுதுகிறவர் இவர்தான்.

"சார், நீங்களா! உங்களுக்குத்தான் ஆபீஸ் பாஸ் இருக்கே?"

"பாஸ் வேண்டாம். அஞ்சு டிக்கெட் குடு."

"அஞ்சா? கூட யாரு வர்றாங்க?"

"யாரும் வரல. அஞ்சு பேர் ஏறினாங்கன்னு எழுது."

கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். ஐந்து டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார். பேப்பரைச் சாய்க்காத மனுஷன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவர் அந்த ஐந்தையும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார்.

8.40-க்கு அக்கா ஊர். நிழற்குடையில் யாரும் இல்லை. டீக்கடைக்காரர் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். தெருவின் கடைசியில் பூட்டிய வீடு. அங்கே போய் என்ன செய்வது? பத்து நிமிடம் அக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி ஏறினார். மறுபடி ஐந்து டிக்கெட் வாங்கினார். இரண்டு மைல் தள்ளி ஒரு நிறுத்தத்தில், வீங்கிய கால்களோடு ஒரு மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பாஸை நீட்டினார். "நல்ல வேளை, பஸ் வந்துச்சு" என்றார் பொதுவாக. கண்டக்டர் குனிந்து ஒன்பதாவது கட்டத்தில் எழுதினார்.

கடிகாரம் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதிலேயே நெற்றியை முட்டி, அக்கா அன்றைக்கு வாசலில் நின்று சொன்னது போலவே, வாய்விட்டு அழுதார்.